கழிவு எண்ணெய் பர்னர்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

பர்னர் முரண்டு பிடித்தால் கை நேராக எண்ணெயைத் தூவும் முனையான நாசிலுக்குத்தான் போகும். கழற்றி, ஊதி, குத்தி, துடைத்து மாட்டுவதற்குள் அரை நாள் போய்விடும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். வீட்டில் செய்த கழிவு எண்ணெய் பர்னரின் தொல்லைகளில் பாதிக்கு மேல் எண்ணெயிலேயே பிறக்கின்றன. மிச்சத்தில் பெரும்பங்கு காற்றளவிலும் உலைச் சுவரின் சூட்டிலும் இருக்கிறது. எண்ணெய், காற்று, சூடு, அப்புறம்தான் நாசில் என்ற வரிசையில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எண்ணெய், காற்று இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசி வரை தெரியாது.

கீழே வரும் அளவுகள் இந்த அமைப்புக்கு உரியவை: காற்றழுத்தத்தால் எண்ணெயை உறிஞ்சித் தூவும் சைஃபன் வகை நாசில். அதைச் சுற்றி 50 மி.மீ. இரும்புக் குழாய், குழாயின் பின்முனையில் காற்றை ஊதும் ப்ளோயர். நாசிலுக்கு 0.7 முதல் 1.4 பார் வரை (10–20 பிஎஸ்ஐ) கம்ப்ரஸர் காற்று. எண்ணெய் 60–80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கப்பட்டு, மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் போகிறது. அலுமினியம் உருக்கும் சிறு உலைக்கு இது தாராளம். எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்து சட்டியிலேயே எரியும் சொட்டுச் சட்டி வகைக்குக் கடைசியில் தனியாக ஒரு பகுதி உண்டு.

கோளாறு தேடும் முன் உங்கள் பர்னர் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்துவிடுங்கள். கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் எண்ணெயை ஊற்றி, உறிஞ்சு குழாயை அதில் விட்டு நேரம் பாருங்கள். 3 நிமிடத்தில் 100 மி.லி. போனால் மணிக்கு 2 லிட்டர். ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி வெப்பம் தரும், எரிந்து முடிய சுமார் 11 கன மீட்டர் காற்று கேட்கும். கொஞ்சம் மிகைக் காற்றும் சேர்த்து 13 என்று வைத்துக்கொண்டால், 2 லிட்டருக்கு மணிக்கு 26 கன மீட்டர். நாசில் வழியே வரும் கம்ப்ரஸர் காற்று இதில் பத்தில் ஒரு பங்குதான். அது எண்ணெயைப் பொடியாக்க வந்த காற்று, எரிக்க வந்தது அல்ல. எரிக்கும் காற்றை ப்ளோயர்தான் தர வேண்டும். இது பிடிபடாததால் கரும்புகை வரும்போதெல்லாம் கம்ப்ரஸரைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் நிறைய.

பற்றவே மாட்டேன் என்கிறது

குளிர்ந்த எண்ணெய்தான் முதல் சந்தேகம். 40 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கிவிடும். அதனால்தான் டீசலை அழகாகத் தூவும் நாசில், அறைச் சூட்டில் இருக்கும் கழிவு எண்ணெயை நூல் நூலாகத் துப்புகிறது. டேங்கில் வெப்பமானி 70 காட்டினாலும் ஏமாற வேண்டாம். இடையில் இரண்டு மீட்டர் வெற்றுக் குழாய் இருந்தால் நாசிலுக்கு வந்து சேரும்போது எண்ணெய் ஆறியிருக்கும். குழாயைக் கண்ணாடி இழை நாடாவால் சுற்றுங்கள், அல்லது ஹீட்டரை நாசிலுக்குக் கிட்டே கொண்டுபோங்கள்.

அடுத்து, உலை குளிர்ந்திருக்கிறது. இன்ஜின் ஆயிலின் தீப்பற்று வெப்பநிலை 200 டிகிரிக்கு மேல். ஜில்லென்ற செங்கல் நடுவே அதைத் தீக்குச்சியால் பற்றவைக்கப் பார்ப்பது வீண் வேலை. சமையல் எரிவாயு டார்ச்சையோ கரித்தணலையோ வைத்து உள்சுவர் மங்கலாகச் சிவக்கும் வரை காயவிட்டு, அதன் பிறகு எண்ணெயைத் திறங்கள். முதல் ஐந்து நிமிடம் டீசலில் ஓட்டிவிட்டுக் கழிவு எண்ணெய்க்கு மாறுவதும் நல்ல வழி. இதற்கு ஒரு மூவழி வால்வு போதும். பெட்ரோல் கலந்து 'இளக்கும்' வேலை மட்டும் கூடவே கூடாது. சூடான டேங்கில் அதன் ஆவி நிரம்பி நிற்கும், ஒரு பொறி போதும்.

வெடித்து வெடித்து எரிகிறது, நடுநடுவே அணைகிறது

தண்ணீர். பத்துக்கு ஒன்பது முறை இதுதான். இரும்புக் கரண்டியை 130–150 டிகிரிக்குச் சூடாக்கி, தீயிலிருந்து விலக்கி, அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். சடசடவென்று தெறித்தால் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் படர்ந்து லேசாகப் புகைந்தால் எண்ணெய் காய்ந்தது. பார்வைக்கே பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் சோதனையே தேவையில்லை. அது தண்ணீரோ ரேடியேட்டர் திரவமோ கலந்து குழம்பியது.

தீர்வு பொறுமை. டிரம்மை 70–80 டிகிரிக்குச் சூடாக்கி, சூடு மெல்ல இறங்க விட்டு இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரையும் மண்டியையும் வடித்துவிடுங்கள். பர்னருக்கான எண்ணெயை அடியிலிருந்து எடுக்காமல், 10 செ.மீ. உயரத்தில் வைத்த தனி வாயிலிருந்து எடுங்கள். அவசரப்பட்டு 100 டிகிரியைத் தாண்டினால் அடியில் கிடக்கும் தண்ணீர் ஆவியாகி, அளவில் 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, எண்ணெய் முழுவதையும் நுரையாகப் பொங்கவைத்து வெளியே தள்ளும். டிரம்மை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமலிருப்பது இதற்கும் சேர்த்துத்தான். குழம்பிய எண்ணெய் சூட்டுக்கும் பிரியாவிட்டால் அதோடு போராட வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள்.

எண்ணெய் காய்ந்ததாக இருந்தும் துடிக்கிறதா? உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது. இந்தக் கசிவு கண்ணில் படாது. குழாயில் வெற்றிடம் இருப்பதால் எண்ணெய் வெளியே சொட்டுவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். சூட்டையும் எண்ணெயையும் தாங்கும் ஒரு சாண் ஒளி ஊடுருவும் குழாயை இடையில் போட்டுக் குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வடிகட்டிக் கிண்ணத்தின் வாஷரோ, ஹோஸ் கிளிப்போ, எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வின் தண்டோதான் குற்றவாளி. வாஷர்களுக்கு விட்டான் ரப்பர் போடுங்கள். சாதாரண ரப்பர் சூடான எண்ணெயில் ஊதி இளகிவிடும்.

ஆரம்பத்தில் சுத்தம், இருபது நிமிடம் கழித்துக் கரும்புகை

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. எல்லாம் சரியாகச் செய்தவரையும் குழப்புவது இது. காலையில் ஊசி வால்வை அளவாகத் திறந்திருப்பீர்கள். உலை காயக் காய அதன் வெக்கையில் குழாயும் வால்வும் சூடேறும், எண்ணெய் இளகும். வால்வு திறப்பு அப்படியே இருந்தாலும் போகும் அளவு ஏறிக்கொண்டே இருக்கும். ப்ளோயர் காற்றோ பழைய அளவில் நிற்கும். விளைவு புகை. வால்வைக் கொஞ்சம் குறைத்தால் தெளியும், பத்து நிமிடத்தில் மறுபடி வரும்.

வால்வை விரட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எண்ணெயின் சூட்டை நிலையாக்குங்கள். தெர்மோஸ்டாட் வைத்த ஹீட்டர் 75 டிகிரியில் பிடித்து நிறுத்தட்டும். வால்வும் வடிகட்டியும் உலையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நடுவே ஒரு தகரத் தடுப்பு வைத்தாலே பாதி வெக்கை குறையும்.

எப்போதுமே கரும்புகை

எண்ணெய் வால்வைக் கால் சுற்று மூடுங்கள். புகை நின்றால் காற்றுதான் போதவில்லை. ப்ளோயர் வாய் அடைபட்டிருக்கிறதா, காற்று வரும் குழாயில் பழைய எண்ணெய் தேங்கியிருக்கிறதா, உலையின் புகைவாய் சிறிதாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது அடிக்கடி கவனத்துக்குத் தப்பும். வெளியேற வழியில்லாத உலைக்குள் எவ்வளவு பெரிய ப்ளோயர் வைத்தாலும் காற்று போகாது. குழாய்க்கு 50 மி.மீ. என்றால் மூடியிலுள்ள துளை 75 மி.மீ.யாவது இருக்கட்டும்.

எண்ணெயைக் குறைத்தாலும் கூட்டினாலும் புகை விடவில்லை என்றால் துளிகள் பெரிதாக இருக்கின்றன. பெரிய துளியின் மேற்புறம் மட்டும் எரிந்து, உள்ளே கரியாக மிஞ்சும். தூவல் சோதனை செய்யுங்கள். உலையிலிருந்து பர்னரை உருவி, வெட்டவெளியில், சுற்றிலும் எந்த நெருப்பும் இல்லாத இடத்தில், 30 செ.மீ. தள்ளி அட்டையைப் பிடித்து இரண்டே நொடி தூவவிடுங்கள். முகமூடியும் கண்ணாடியும் அவசியம், எண்ணெய்ப் பனி நுரையீரலுக்கு ஆகாது. ஒரே சீரான வட்டக் கறை விழுந்தால் நாசில் நலம். நடுவில் பொட்டும் ஓரத்தில் கோடுகளும் விழுந்தால் எண்ணெய் குளிர்ந்திருக்கிறது அல்லது காற்றழுத்தம் குறைவு. அழுத்தத்தை 0.2 பார் வீதம் ஏற்றிப் பாருங்கள். 1.5 பார் தாண்டியும் சரியாகாவிட்டால் அழுத்தத்தை விட்டுவிட்டுச் சூட்டைக் கூட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் கனமாக விழுந்தால், ஆம், இப்போது நாசிலைக் கழற்றலாம்.

வெள்ளைப் புகை, கண் எரிகிறது

இங்கே யோசிக்க நேரமில்லை. எண்ணெயை மூடுங்கள், ப்ளோயரை ஓடவிடுங்கள். தீ அணைந்து, எண்ணெய் மட்டும் சூடான சுவரில் விழுந்து ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று இதற்குப் பொருள். உலை முழுக்க எரியக்கூடிய ஆவி. அந்த நேரத்தில் டார்ச்சைக் காட்டினால் மூடி பறக்கும். புகைவாயிலிருந்து முற்றிலும் தெளிந்த காற்று வரும் வரை, குறைந்தது மூன்று நிமிடம் ஊதித் தள்ளிய பிறகே மறுபடி பற்றவையுங்கள். அதுவும் முகத்தை மூடிக்கு மேலே நீட்டாமல். ஈர எண்ணெயிலிருந்து வரும் நீராவியும் வெண்மைதான், ஆனால் அது நான்கடி போவதற்குள் காற்றில் கரையும், மணம் இராது. எண்ணெய் ஆவி தொங்கிக்கொண்டே நிற்கும், மூக்கைத் துளைக்கும்.

சுடர் பிடிப்பில்லாமல் தாவுகிறது, உறுமுகிறது

காற்றின் வேகம் தீயின் வேகத்தை மிஞ்சிவிட்டது. ப்ளோயரின் உறிஞ்சு வாயில் ஒரு தகரத் திரையைச் சறுக்கி வைத்துக் காற்றைக் குறையுங்கள். குறைத்தால் புகைகிறது, கூட்டினால் தாவுகிறது என்ற இக்கட்டில் மாட்டினால், குறை காற்றின் அளவில் இல்லை, அது வரும் விதத்தில் இருக்கிறது. நாசிலைச் சுற்றி, 30–45 டிகிரி சாய்ந்த ஆறு அல்லது எட்டு தகட்டு இதழ்களை வெல்டிங் செய்து வையுங்கள். காற்று சுழன்று வரும்போது நடுவில் அழுத்தம் குறைந்து, சூடான வாயு பின்னோக்கி வந்து புதுத் துளிகளைப் பற்றவைத்துக்கொண்டே இருக்கும். சுடர் ஒரே இடத்தில் நங்கூரம் போட்டது போல் நிற்கும். இதழ்களுக்கு ஸ்டெயின்லெஸ் தகடு எடுங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயும் தகடும் சூடுபடும் இடத்தில் எங்குமே வேண்டாம். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் இரவு காய்ச்சலும் நடுக்கமும் வரலாம்.

போகப்போகச் சுடர் சுருங்குகிறது

டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய்ச் சுடர் நிமிர்ந்தால் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. அது இல்லையென்றால் வடிகட்டி. கழிவு எண்ணெயை முதலில் துணியிலும், பிறகு 100 மைக்ரான் வலையிலும் வடித்தால் போதும். மிக நுண்ணிய வடிகட்டி ஒரு மணி நேரத்தில் மண்டி பிடித்துவிடும். இரண்டும் சரி என்றால் மட்டத்தைக் கவனியுங்கள். சைஃபன் நாசில் எண்ணெய் மட்டத்துக்கு மிகவும் கூருணர்வு உள்ளது. டேங்கில் எண்ணெய் 10 செ.மீ. இறங்கினால் சுடரில் தெரியும். மிதவை வால்வு வைத்த சிறு கிண்ணம் ஒன்றை இடையில் வைத்து, அதன் மட்டத்தை நாசிலுக்கு 10 செ.மீ. கீழே நிறுத்துங்கள். இதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. மின்சாரம் போய்க் கம்ப்ரஸர் காற்று நின்றால் எண்ணெயும் தானாக நின்றுவிடும். டேங்கை உயரத்தில் மாட்டி எண்ணெய் தானாக இறங்கும்படி வைப்பவர்கள் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார்கள். அப்படித்தான் வைத்தாக வேண்டும் என்றால், மின்சாரம் நின்றதும் மூடிக்கொள்ளும் சோலனாய்டு வால்வை ப்ளோயர் இணைப்போடு சேர்த்து மாட்டுங்கள்.

நாசில் முனையில் கரி ஏறுகிறது

ஓடும்போது ஏறுவதைவிட நிறுத்திய பிறகு ஏறுவதே அதிகம். பர்னர் நின்றதும் குளிர்விக்கும் காற்றும் நிற்கிறது. சிவந்த உலையின் சூடு நாசிலுக்குத் திரும்பி, உள்ளே மிஞ்சிய எண்ணெயைக் கரியாகச் சுடுகிறது. அதனால் நிறுத்தும் முறை இதுதான்: கடைசி ஒரு நிமிடம் டீசலுக்கு மாறுங்கள். எண்ணெயை மூடுங்கள். இரண்டு காற்றும் ஐந்து நிமிடம் ஓடட்டும். பிறகு பர்னரை உலை வாயிலிருந்து உருவி வெளியே வையுங்கள், வாயைச் செங்கல்லால் அடையுங்கள்.

நாசில் உலைக்குள் எட்டிப் பார்க்கும்படி இருந்தால் எதுவும் பலிக்காது. குழாயின் முனைக்கு உள்ளே 10–20 மி.மீ. தள்ளியே அது இருக்க வேண்டும். அதைவிடவும் பின்னால் இழுத்தால் தூவல் குழாயின் சுவரில் பட்டு அங்கே கரி கட்டும். சமையல் எண்ணெய்க் கழிவை எரிப்பவர்களுக்குக் கரியோடு பிசினும் சேரும். சூடும் காற்றும் பட்டால் அது வார்னிஷ் போல இறுகும், செம்பு, பித்தளைக் குழாய்கள் அதை இன்னும் விரைவாக்கும். அதற்கு இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் குழாயே சரி.

சுத்தம் செய்ய டீசலில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் நெருடுங்கள். இரும்புக் கம்பி ஆகாது. துளையின் விளிம்பில் விழும் ஒரு கீறல் தூவலை நிரந்தரமாகக் கோணலாக்கிவிடும். எண்ணெயை வடிப்பதே பெரும்பாடு என்கிறவர்கள் ராபர்ட் பாபிங்டன் கண்டுபிடித்த முறையை யோசிக்கலாம். உருண்டையின் மேல் எண்ணெய் மெல்லிய படலமாக வழியும், கால் மி.மீ. துளை வழியே வருவது காற்று மட்டும். எண்ணெய் துளைக்குள் போகாததால் அடைப்பே இல்லை. ஆனால் அந்தத் துளையைப் போடுவதற்குக் கை பழகியிருக்க வேண்டும்.

சுடர் சுத்தம், ஆனால் சூடு ஏறவில்லை

மிகைக் காற்று. உள்ளே வரும் தேவையற்ற காற்றைச் சூடாக்கி வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ப்ளோயரை மெல்லக் குறையுங்கள். மூடித் துளைக்கு மேலே ஐந்து முதல் பத்து செ.மீ. வரை ஆரஞ்சு நாக்கு ஒன்று புகையில்லாமல் நின்றால் அதுவே அளவு. நாக்கே தெரியாமல் வெறும் வெக்கை மட்டும் வந்தால் காற்று அதிகம். ஒரு முழம் நீண்டால் எண்ணெய் அதிகம்.

நன்றாக எரிந்துவந்த பர்னர் சில வாரத்தில் சோம்பினால் உள்ளே சாம்பலைப் பாருங்கள். ஆயிலில் சேர்த்த கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் எரியாமல் வெளுத்த படிவாகத் தங்கும். தண்ணீர் காய்ச்சும் அடுப்பிலும் அறை சூடாக்கியிலும் இது தகட்டின் மேல் போர்வை போல் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். முகமூடி போட்டுச் சுரண்டி, மூடிய டப்பாவில் போடுங்கள். இதில் இன்ஜின் தேய்மானத்தின் உலோகங்களும் இருக்கும், செடிக்கு உரமாகப் போடுகிற சாம்பல் இது அல்ல.

சொட்டுச் சட்டி வகை: தீ கட்டுக்கடங்காமல் ஏறுகிறது

சட்டியில் எண்ணெய் தேங்கியதுதான் காரணம். எரியும் வேகத்தைவிடச் சொட்டும் வேகம் அதிகம். தேங்கிய எண்ணெய் கொதிநிலைக்கு வந்ததும் அத்தனையும் ஒரே சமயத்தில் ஆவியாகும். வால்வை மூடினாலும் சட்டியில் இருப்பது தீரும் வரை அடங்காது. காற்றைக் கூட்ட வேண்டாம். எண்ணெயை மூடி, காற்று வாயையும் அடைத்துத் தானே தணிய விடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது, எரியும் எண்ணெய் சுற்றிலும் தெறிக்கும். உலர் பொடித் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மறுபடி வராமலிருக்க, சட்டியின் பக்கத்தில் ஒரு வழிதுளை போட்டு, தேங்கும் எண்ணெய் அரை அங்குலத்தைத் தாண்டினால் வெளியே உள்ள உலோகப் பாத்திரத்துக்கு வடியும்படி செய்யுங்கள். அந்தக் குழாய் வழியே தீ போகாமலிருக்க 'யூ' வளைவு வையுங்கள். எண்ணெய் கண்ணுக்குத் தெரிய புனலில் சொட்டி இறங்கட்டும். இடைவெளி இருந்தால் வேகத்தையும் பார்க்கலாம், தீ டேங்குக்குத் திரும்பும் வழியும் அறும். டேங்க் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, அதன் வால்வு தீயின் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும்.

மணம் விநோதமாக இருக்கிறது, தொண்டை கரிக்கிறது

பர்னரில் பழுதில்லை, எண்ணெயில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. செம்புக் கம்பியைப் பச்சை நிறம் போகும் வரை தீயில் காய்ச்சி, ஆறவிட்டு, எண்ணெயில் தோய்த்து மறுபடி தீயில் காட்டுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். பளிச்சென்ற பச்சைச் சுடர் வந்தால் குளோரின். கிரீஸ் கழுவும் கரைப்பானோ, உலோகம் வெட்டும்போது ஊற்றும், குளோரின் கலந்த வெட்டெண்ணெயோ சேர்ந்திருக்கிறது. எரித்தால் அமிலப் புகை வரும், நச்சு வரும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைச் சோதனை செய்து பார்க்கலாம் என்றுகூட எண்ண வேண்டாம். பிசிபி நச்சு இருக்கக்கூடியது, அதைக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவரிடமே சேர்க்க வேண்டும். பிரேக் திரவம், தின்னர் இரண்டையும் டிரம்முக்கு அருகிலேயே விட வேண்டாம். கழிவு எண்ணெயை எரிக்கப் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும், உங்கள் ஊர் விதியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடிய கொட்டகையில் தலை கனத்தால் அது எண்ணெயின் மணத்தால் வந்தது என்று தள்ளிவிடக் கூடாது. காற்றுப் போதாமல் எரியும் எந்த எண்ணெயும் கார்பன் மோனாக்சைடு கக்கும், அதற்கு மணமே கிடையாது. எண்ணெயை மூடிவிட்டு உடனே வெளியே வாருங்கள். கதவைத் திறந்து வைத்துக் கொட்டகை நன்றாகக் காற்றாடிய பிறகு உள்ளே போகலாம்.